திங்கட்கிழமைகளில் நான்

8 ஜூலை 2025, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கு அவமானமானதாக இருந்தாலும் எழுதுவேன். பெயர் துர்காதேவி, பத்தாம் வகுப்பு. (என் நோட்டில் என் பெயரை எனக்கே எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

இப்படி ஒரு முடிவு எடுக்கக் காரணம், நான் பொய் சொல்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நேற்று ஆவுடைத்தாய் டீச்சர் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டேனாம். டீச்சர் பின்னாலேயே வந்து கூப்பிட்டதற்கு, "உங்க வேலையைப் பாருங்க" என்றேனாம். யாரிடம்? நூலக அலமாரியில் புதிதாக எது வந்தாலும் எனக்கென்று எடுத்து வைக்கிற டீச்சரிடம்!

எனக்கு நினைவிருப்பது சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரை மட்டும்தான். அனல் அடித்தது. அப்புறம் தலையை ஏதோ ஈரத் துணியால் சுற்றிய மாதிரி இருந்தது. டீச்சரின் முகம்கூட நினைவில் இல்லை.

பள்ளியிலிருந்து போன் வந்ததும் அம்மா கேட்டாள். "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"ஞாபகம் இல்லைன்னா எப்படிடி? பேசுன வாய் உன் வாய்தான?"

என் வாய்தான். அதுதான் எனக்கும் புரியவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

அப்பா காலையிலேயே திருச்சுழிக்குப் போய்க் கறி எடுத்து வந்தார். இப்போது காட்டில் வேலை இல்லை, மழை விழுந்தால்தான் உழவு. அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில்தான். மாமாவும் வந்துவிடுவார். இருளப்பசாமி மாமா அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் ஆடு வைத்திருக்கிறார். ஆடுகள்கூடச் சில நேரம் வாயை மூடும், மாமா மூட மாட்டார்.

"என்ன கலெக்டரம்மா, டீச்சரையே வேலையைப் பாக்கச் சொல்லிட்டீகளாம்ல?"

"எனக்கு ஞாபகம் இல்ல மாமா."

"பெரிய ஆபீசருக எல்லாம் இப்படித்தான் சொல்லுவாக. உருப்பட்ருவ."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் தட்டில் இன்னும் ரெண்டு துண்டு வைத்தாள். "தின்னு. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான் புத்தி ஒரு இடத்துல நிக்கும்."

மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து கடல் ஆமைகள் பற்றிய புத்தகம் படித்தேன். வெளிச்சம் போகும் வரை.

14 ஜூலை, திங்கள்

பஸ்ஸில் தூங்கினேன் பள்ளியில் தூங்கினேன் எழுத வரவில்லை

15 ஜூலை, செவ்வாய்

நேற்று எழுதிய வரியை இன்று பார்த்தேன். எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறிப் போகின்றன. என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன் நான்.

கஸ்தூரி என் பக்கத்து இடம். பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள். அவளுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "திங்கக்கெழமைன்னா உன் தலைக்குள்ள மட்டும் லீவு விட்ருவாங்க போலடி" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். இப்போது எனக்குத் 'திங்கக்கெழமைத் தூங்குமூஞ்சி' என்று பெயர்.

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. போன திங்கள், இந்தத் திங்கள், ஜூன் மாதத்தில் கணக்கு டெஸ்டில் வெறும் தாள் கொடுத்ததும் ஒரு திங்கள். ஏன் திங்கள்?

என் ஊகம்: ஞாயிறு மாலை அரை வெளிச்சத்தில் படித்துக் கண்ணையும் மூளையையும் களைப்பாக்கிவிடுகிறேன். சோதனை: இனி ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தொடுவதில்லை.

22 ஜூலை, செவ்வாய்

ஞாயிறு முழுக்க ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சாப்பிட்டேன், மாமாவோடு ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தேன், தூங்கினேன். நேற்று வழக்கத்தைவிட மோசம். பிரேயரில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.

ஆக, புத்தகம் காரணம் இல்லை. இதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் வேறு எது என்று தெரியவில்லை. அதில் பயம்.

30 ஜூலை, புதன்

நேற்று அம்மா டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் கம்மி, பத்தாம் வகுப்புப் பயம், இரண்டும் சேர்ந்துகொண்டது என்றார். சத்து மாத்திரை எழுதினார். "முட்டை குடுங்க, ஈரல் குடுங்க. நல்லா சாப்பிடச் சொல்லுங்க."

அம்மாவுக்கு இதுபோதும். வரும் வழியிலேயே கறிக்கடையில் சொல்லி வைத்துவிட்டாள்: ஈரலும், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலும் வாரத்தில் மூன்று நாள் வேண்டும் என்று. சுவரொட்டியை நெருப்பில் சுட்டு மிளகு தூவித் தருகிறாள். ரத்தம் ஊற அதைப்போல எதுவும் இல்லையாம். தினமும் காலையில் இரண்டு முட்டை.

எனக்குச் சுவரொட்டி பிடிக்காது. ஆனால் அம்மா அடுப்பு முன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்து சுடும்போது எப்படி வேண்டாம் என்பது? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

இப்போது எல்லாக் கிழமையும் திங்கட்கிழமை மாதிரி இருக்கிறது. புதன்கிழமைகூட.

படிக்கிற வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் போய்விடுகிறது. திரும்பப் போகிறேன். திரும்பவும். ஆமைகள் எங்கே முட்டை இடுகின்றன என்று நாலு தடவை படித்தேன். எங்கே?

21 ஆகஸ்ட், வியாழன்

நேற்று முன்தினம் நடந்தது. எனக்குத் தெரிந்ததையும் பிறர் சொன்னதையும் தனித்தனியாக எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தது: பள்ளி விட்டதும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காலையில் சுவரொட்டி சாப்பிட்டது நெஞ்சிலேயே இருப்பதுபோல ஓங்கரித்தது. பிறகு ஒரு மரப்பெஞ்சு, கையில் தண்ணீர் டம்ளர், எதிரில் மாமாவின் முகம். நடுவில் ஒன்றுமில்லை.

பிறர் சொன்னது: எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் நான் இறங்கவில்லை. திருச்சுழியிலும் இறங்கவில்லை. கடைசியில் நரிக்குடியில் இறங்கி ஒரு டீக்கடையில் போய், "எங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேனாம். கடைக்காரர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, என் அடையாள அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அப்பா மாமாவை அனுப்பியிருக்கிறார். அதே நேரம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். நான் வீடு வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது: சுந்தரபாண்டி மகள் நரிக்குடியில் எவனோடோ நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை.

"யாரைப் பாக்கப் போன பாப்பா?"

"யாரையும் இல்லப்பா."

"பெறகு எதுக்கு அங்க எறங்குன?"

"தெரியலப்பா."

"தெரியலங்கிறது ஒரு பதிலா?"

மாமாதான் குறுக்கே வந்தார். "மச்சான், நான் பாத்தேன்ல, என்னையவே யாருன்னு தெரியாமத்தான் பாத்தா. கிறுகிறுன்னு இருந்தா. நடிப்பு இல்ல அது."

"அப்ப என்ன, பைத்தியமா?" என்றார் அப்பா. கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார்: "காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்போம். இன்னொரு தடவை இப்படி நடந்தா, படிச்சது போதும்."

தெரியல. தெரியல. தெரியலன்னா தெரியலன்னுதானே சொல்ல முடியும்? யாரோடயாச்சும் ஓடிப் போயிருந்தாக்கூட அதுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பேன். நம்பியிருப்பாக. எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே, நான் எதைச் சொல்ல?

10 செப்டம்பர், புதன்

காலாண்டு ஆரம்பம். தமிழ்த் தாள். மாமாதான் பைக்கில் கொண்டு வந்து விட்டு, பள்ளி வாசலிலேயே நின்று கூட்டிப் போகிறார். ஆடுகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "அதுகளுக்கு வழி தெரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

எங்கள் வகுப்பு டீச்சரும் ஆவுடைத்தாய் டீச்சர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு என் தமிழ்த் தாளைக் காட்டினார். ஒரே விடையை மூன்று கேள்விகளுக்கும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தடவை இன்னும் விரிவாக.

"வீட்ல ஏதும் கஷ்டமா துர்கா?"

"இல்ல டீச்சர்."

"யாராவது தொந்தரவு பண்றாங்களா?"

"இல்ல டீச்சர். நான்தான் பண்றேன்."

டீச்சர் என் தலையில் கை வைத்தார். அழுதேன்.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி முதல் நாள். அம்மா வழக்கமாகச் சனிக்கிழமை மட்டும்தான் விரதம். இந்த வருடம் மாதம் முழுக்க. அவள் மட்டும் இல்லை, வீடே. பெருமாளுக்கு வேண்டியிருக்கிறாள். முட்டைகூட வாசலுக்குள் வரக் கூடாதாம். என் புத்தி தெளிந்துவிட்டால் குலசாமிக்கு ஒரு கிடா என்றும் நேர்ந்திருக்கிறாள்.

"பெருமாளுக்குக் கறி திங்காம, குலசாமிக்குக் கறி போட்டு. ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுட்டியேக்கா" என்றார் மாமா.

"வாயை மூடுலே. பிள்ளை நல்லாகணும்."

ரசம், கத்தரிக்காய்.

22 செப்டம்பர், திங்கள்

அறிவியல் தாள். திங்கட்கிழமை!

எல்லாக் கேள்வியும் தெரிந்தது. அதைவிட, எழுதிய விடை எல்லாம் இப்போதும் நினைவில் இருக்கிறது. பள்ளி வாசலில் மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பைக் மேல் தூங்கிக்கொண்டிருந்தது, கஸ்தூரி வரைபடத்தில் இதயத்தைத் தலைகீழாகப் போட்டது, வரும் வழியில் ஒரு காட்டில் உழவு நடந்தது, எல்லாம். தலையைச் சுற்றியிருந்த ஈரத் துணியை அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஏன் என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால் போய்விடுமோ?

8 அக்டோபர், புதன்

அறிவியலில் 94. தமிழில் 41. டீச்சர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பா 94-ஐ மட்டும் பார்த்தார். "படி தாயி" என்றார். அவ்வளவுதான். நரிக்குடிக்குப் பிறகு அவர் என்னைத் 'தாயி' என்று கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. நேர்த்திக்கடன் முடியும் வரை கறி கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் இட்லியும் சாம்பாரும். மாமா சாம்பாரைக் கரண்டியால் கிளறி எதையோ தேடினார். "பருப்புக்கு நடுவுல ஒரு எலும்பாச்சும் தப்பி விழுந்திருக்கும்னு பாத்தேன்."

ஆமைப் புத்தகத்தை முடித்துவிட்டேன். மணலில்தான் முட்டை இடுகின்றன.

25 அக்டோபர், சனி

நாளைக்குக் கோயிலில் கிடா வெட்டு. மாமாவே தன் ஆடுகளில் நல்லதாக ஒரு கறுப்புக் கிடா கொடுக்கிறார். சொந்தக்காரர்கள் வருகிறார்கள். மழை தூறிக்கொண்டே இருக்கிறது, விறகு நனையாமல் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். காட்டில் மக்காச்சோளம் முளைத்துவிட்டது. அப்பா முகத்தில் வெளிச்சம்.

நான் தெளிந்ததற்காக இவ்வளவும். எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. படையல் முடிந்ததும் ஈரல் முழுக்க எனக்குத்தான், வேறு யாரும் தொடக் கூடாது என்று அம்மா இப்போதே எல்லாரிடமும் சொல்லி வைக்கிறாள்.

4 நவம்பர், செவ்வாய்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடி. ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் காக்கைகளும் தெரிகின்றன. இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

இதுவும் பிறர் சொன்னதுதான். கோயிலில் ஈரலும் கறியும் சாப்பிட்டேன். வீட்டில் ராத்திரியும் கறி. மறுநாள் காலை எழுப்பியபோது அம்மாவை "டீச்சர்" என்றேனாம். பாவாடையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு கை நுழைக்க ஓட்டை தேடினேனாம். மத்தியானத்துக்குள் எழுப்பினாலும் எழவில்லை. படையலில் ஏதோ குறை, சாமி கோபம் என்று சிலர் சொன்னார்கள். ஒருவர் திருநீறு கொண்டு வந்தார். அப்பா திருநீற்றை வாங்கி என் நெற்றியில் பூசிவிட்டு, அதே கையோடு காரை வரச் சொல்லி மதுரைக்குத் தூக்கி வந்துவிட்டார்.

இங்கே ஒரு டாக்டரம்மா. வயது குறைவு, பேச்சும் குறைவு. நான் கொஞ்சம் முழித்ததும், "போலீஸ்காரர் வண்டியை நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிப் பிடி" என்றாராம். பிடித்தேன். கைகள் சிறகு மாதிரி அடித்துக்கொண்டன. நானாக அசைக்கவில்லை. இது எனக்கே லேசாக நினைவிருக்கிறது. யாருடைய கைகளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா திரும்பி அம்மாவிடம் கேட்டார்: "இது வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டா?"

"சாப்பாட்டுல ஒரு குறையும் வைக்கல டாக்டர். ஈரல், சுவரொட்டி, தெனம் முட்டை. டவுன் டாக்டரு சொன்னதுக்கு மேலயே குடுத்தேன்."

"நடுவுல எப்பவாவது நல்லா இருந்தாளா?"

"புரட்டாசி மாசம் பூராம் நல்லா இருந்தா டாக்டர். அதுக்குத்தான் கிடாவே வெட்டுனோம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாராம். அந்தக் குழாயைப் பனிக்கட்டியில் புதைத்து ஒருவர் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினாராம். அம்மோனியா. இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு.

6 நவம்பர், வியாழன்

ஸ்கேன் எடுத்த டாக்டர் மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். என் வயிற்றின் மேல் பசையும் ஐந்தாறு முகங்களும். "ரொம்ப அபூர்வம்" என்றார்கள். அபூர்வம் என்பது நல்ல சொல் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். நாம் சாப்பிட்டது செரித்து, குடலிலிருந்து வரும் ரத்தம் எல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் அதில் இருக்கிற விஷத்தை முறித்த பிறகுதான் அது இதயத்துக்குப் போகும். எனக்கு அந்தக் குழாயிலிருந்து ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அம்மா வயிற்றில் இருக்கும்போதே உண்டானது. ரத்தத்தில் பெரும்பங்கு கல்லீரலுக்குள் போகாமல் அந்தக் குறுக்கு வழியிலேயே போய்விடுகிறது. கறி, முட்டை செரிக்கும்போது வருகிற அம்மோனியா முறிபடாமல் நேராக மூளைக்கு. மஞ்சள் காமாலை இல்லை, வலி இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அப்பா ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். "கண்மாய்த் தண்ணி மடை வழியா வயலுக்குப் போகாம, கரை உடைஞ்சு ஓடைக்குப் போற மாதிரி" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப வயல் காஞ்சிருக்குமே?" என்று நான் கேட்டேன்.

டாக்டரம்மா என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "ஆமா. உன் கல்லீரல் வயசுக்குத் தகுந்த அளவு வளரல. சின்னதா இருக்கு."

கேட்டிருக்க வேண்டாமோ?

9 நவம்பர், ஞாயிறு

ஒரு பாகு மருந்து தருகிறார்கள். தாங்க முடியாத இனிப்பு. குடித்தால் ஓயாமல் கக்கூஸுக்கு ஓட வேண்டும், அம்மோனியா அப்படித்தான் வெளியேறுமாம். கறி, முட்டை கிடையாது, பருப்பும் அளவோடு. தலை தெளிந்துவிட்டது.

தெளிந்த தலையோடு அம்மாவைப் பார்க்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள் இருப்பதில்லை. வெளியே வராந்தாவில் போய் நின்றுகொள்கிறாள். அப்பாதான் ஊட்டுகிறார், அவருக்குச் சரியாக உருட்டத் தெரியவில்லை. சோறு என் மடியில்.

"அம்மா எங்கப்பா?"

"வருவா."

கழுவப் போகும்போது பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என் கையாலதானடி. வாய்க்கு வாய் என் கையாலதான..." என்றாள். தெரிந்தா செய்தாள்? தெரியாமல் செய்தாள் என்று நான் சொன்னால் அவளுக்கு ஆறுமா? ஏதோ சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை. இந்த முறை அம்மோனியா காரணம் இல்லை.

15 நவம்பர், சனி

இது பிறவியிலேயே இருப்பது என்றால், நான் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியாவோடுதான் இருந்திருக்கிறேன். அப்படியானால் எது நான்?

ஆறாம் வகுப்பில் ஒருத்தியின் டிபன் பாக்ஸைத் தூக்கி எறிந்தேன். நானா, அதுவா? சின்ன வயதில் இருட்டைக் கண்டால் அலறுவேனாம். அதுவா? ஒரு புத்தகம் எடுத்தால் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. அதுவும் அதுதானா? எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

மாமா பார்க்க வந்தார். அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றும் என்று விளக்கினேன். "ஒனக்கு அந்த மில்லு ஓடலை, அவ்வளவுதான? யூரியாவுக்குத் தட்டுப்பாடு இல்லாத ஊரு எதுத்தா?" என்றார். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிடாவைக் கொடுத்தது அவர்தான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்.

25 நவம்பர், செவ்வாய்

நாளைக்கு.

கழுத்து ரத்தநாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தக் குறுக்கு வழி வரைக்கும் போவார்கள். முதலில் ஒரு பலூனை ஊதித் தற்காலிகமாக அடைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் முழுக்கக் கல்லீரல் பக்கம் திரும்பும்போது, இத்தனை வருடம் சும்மா கிடந்த சின்னக் குழாய்கள் அதைத் தாங்க வேண்டும். தாங்கினால் நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். அழுத்தம் அதிகமாக ஏறினால் அடைக்க முடியாது. அடைக்க முடியாவிட்டால் ஒருநாள் கல்லீரலையே மாற்ற வேண்டி வரலாம்.

அம்மா உடனே சொன்னாள்: "என்னோடதை எடுத்துக்கோங்க."

"அவ்வளவு தூரம் இன்னும் போகலம்மா" என்றார் டாக்டரம்மா.

"போனா. நான் முதல்லயே சொல்லி வைக்கிறேன்."

எனக்குப் பயமாக இருக்கிறது. வலிக்கு இல்லை. அடைக்க முடியாமல் போனால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு, எப்போது மூளை போகும் என்று பார்த்துக்கொண்டு. படிக்கவே முடியாதே. பரீட்சை எழுதுகிற அன்றைக்குப் போனால்? அடைத்துவிட்டால்? நாளைக்கு அப்புறம் எழுதப்போகிறவள் இவளேதானா?

27 நவம்பர், வியாழன்

அடைத்துவிட்டார்கள். அழுத்தம் கொஞ்சம் ஏறியதாம், பிறகு நின்றதாம். தாங்கியது.

கழுத்தில் கட்டு. இதற்கு மேல் எழுத அம்மா விடமாட்டேன் என்கிறாள்.

14 டிசம்பர், ஞாயிறு

வீடு. அம்மோனியா கிட்டத்தட்ட இயல்புக்கு வந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். "நாங்க பாத்துக்கிட்டே இருப்போம். கல்லீரல் வளர நேரம் குடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. அரையாண்டு எழுதப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாச் சாப்பாட்டுக்கும் திரும்பலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அம்மா பழைய சமையலுக்குத் திரும்பவில்லை. பருப்பைக்கூட எண்ணிப் போடுகிறாள். அப்பாவும் கேட்பதில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். வந்தால் தட்டில் என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் பயம்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

நான்தான் சொன்னேன். நேற்றே அப்பாவிடம் சொன்னேன், திருச்சுழிக்குப் போய்க் கறி வாங்கிட்டு வாங்க என்று. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அம்மியில் மிளகாய் வைத்தாள். அதுதான் பதில்.

மாமாவுக்கு நானே போய்ச் சொன்னேன். "கறியா?" என்றார், கெட்ட செய்தி கேட்ட மாதிரி.

நான்கு துண்டு. நான்தான் எண்ணிச் சொன்னேன், அம்மாதான் வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை, எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க எல்லாரும் இப்படிப் பாத்தா எனக்கு எப்படி எறங்கும்?" என்றேன். அதற்குப் பிறகுதான் மாமா முதல் எலும்பைக் கடித்தார்.

அம்மா இன்று என் பாயை ஒட்டித் தன் பாயை விரித்திருக்கிறாள். விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறாள். என் முகம் தெரிய வேண்டுமாம்.

5 ஜனவரி, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி. பஸ்ஸில் தூங்கவில்லை. ஆவுடைத்தாய் டீச்சர் வகுப்பில் இரண்டு கேள்வி கேட்டேன், மூன்றாவதற்கு டீச்சர் "மத்தவங்களும் கேக்கட்டும்" என்றார்.

மத்தியானம் கஸ்தூரியோடு பெரிய சண்டை. புதிதாக வந்த தனலட்சுமியிடம் இவள், "துர்காவுக்கு ஈரலே கிடையாதுடி, ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். "ஈரல் இருக்குடி! சின்னதா இருக்கு! வளருது!" என்று கத்தினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கஸ்தூரி அழுதாள். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் போய்ப் பாட்டிலைத் தேடி எடுத்தோம், மூடியைக் காணோம்.

இன்று ரத்தத்தில் ஒன்றும் இல்லை. தலை தெளிவாக இருந்தது. கை நடுங்கவில்லை. ஆகவே பாட்டிலை எறிந்தது நான்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை.

பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது. அம்மா வேலையை எல்லாம் முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சண்டை போட்டியாமே?"

"போட்டேன்."

"பாட்டிலைத் தூக்கி எறிஞ்சியாமே?"

"எறிஞ்சேன்மா. நாளைக்குப் புது மூடி வாங்கிக் குடுக்கணும்."

"அவ என்ன சொன்னா, நீ என்ன சொன்ன?"

முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அவள் சொன்னது, நான் சொன்னது, தனலட்சுமி இடையில் சொன்னது, யார் முதலில் அழுதது, ஒன்று விடாமல். அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"வாயைப் பாரு" என்றாள். "எங்க இருந்துதான் வந்துச்சோ இம்புட்டுக் கோவம்." என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு எழுந்தாள். தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள், அப்பா இருக்கும் அறைக்கு.

இன்னும் இரண்டு வரி எழுதிவிடுகிறேன் என்றேன். இதை இருட்டில்தான் எழுதுகிறேன்: போதும், காலையில எழுதிக்கோ என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டாள்.